உங்கள் வீட்டுக் கதவில் முதலில் எது உடையும்?

பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, நல்ல பூட்டா ஒண்ணு சொல்லுங்க." நான் பாளையங்கோட்டையில் கதவு, நிலை, ஜன்னல் வேலை செய்கிறவன். பூட்டு மாட்டிக் கொடுப்பதும் என் வேலை, திருடு போன வீட்டில் உடைந்த கதவைச் சரி செய்வதும் என் வேலை. இரண்டையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், திருடன் பூட்டோடு மல்லுக்கட்டுவது அபூர்வம். 'பூட்டை உடைத்து நகை திருட்டு' என்று பேப்பரில் போடுவார்கள். போய்ப் பார்த்தால், பூட்டு பூட்டினபடியே கொண்டியோடு சேர்ந்து தரையில் கிடக்கும். பிய்ந்தது கொண்டியாக இருக்கும், இல்லையென்றால் நாதாங்கி. சில வீடுகளில் நிலையே பிளந்திருக்கும்.

அதனால் எந்தப் பூட்டு நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம். ஒருவன் கடப்பாரையோடு வந்து நின்றால் உங்கள் கதவில் முதலில் எது விட்டுக்கொடுக்கும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு சத்தம் வரும்? இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்கேல், ஒரு டார்ச், ஒரு காந்தத் துண்டு இருந்தால் போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

கதவைப் பூட்டிவிட்டு வெளியே போய் நில்லுங்கள். அங்கே நின்றபடி எதையெல்லாம் கழற்ற முடியும் என்று பாருங்கள். ஆல்ட்ராப் (கதவுக்குக் குறுக்கே தள்ளிப் பூட்டுகிற பெரிய தாழ்ப்பாள்) போட்டுத் தொங்கு பூட்டு மாட்டுகிற வீடுதான் நம் பக்கம் அதிகம். பூட்டின பிறகும் அந்த ஆல்ட்ராப்பின் ஸ்க்ரூ தலைகள் வெளியே தெரிகின்றனவா? தெரிந்தால் கடப்பாரைகூட வேண்டாம், உங்கள் கையில் இருக்கிற ஸ்க்ரூ டிரைவரே போதும். பல வீடுகளில் எண்ணூறு ரூபாய்ப் பூட்டை முக்கால் அங்குல ஸ்க்ரூ நாலு தாங்கிக்கொண்டிருக்கிறது. இதைச் சரி செய்யப் பெரிய செலவு இல்லை. ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கதவைத் துளைத்து மறுபுறம் வரும் போல்ட் போடச் சொல்லுங்கள். வெளியே வழவழப்பான உருண்டைத் தலை, உள்ளே வாஷரும் நட்டும். வெளியிலிருந்து பிடித்துத் திருக அதில் ஒன்றுமே இருக்காது. உடைக்க வேண்டுமென்றால் கதவு மரத்தையே பெயர்க்க வேண்டும்.

இரட்டைக் கதவு என்றால் இன்னொரு சங்கதி உண்டு. பூட்டு ஒரு கதவை இன்னொரு கதவோடுதான் சேர்க்கிறது. அந்த இன்னொரு கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது மேலேயும் கீழேயும் உள்ள தாழ்ப்பாள்கள். கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் குழியில் விரலை விட்டுப் பாருங்கள். பெருக்கும்போதெல்லாம் தூசியும் மண்ணும் அதில் போய் அடைந்து, ஒரு அங்குலக் குழி கால் அங்குலமாகி இருக்கும். தாழ்ப்பாளை இறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும், இறங்கிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். தோளால் ஒரு முட்டு முட்டினால் இரண்டு கதவும் சேர்ந்தே திறந்துகொள்ளும், பூட்டு அதன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஆணியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அடுத்தது நிலை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நிலையின் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். 'கிண்' என்று கேட்டால் சரி, 'பொத்' என்று கேட்டால் உள்ளே கரையான் குடித்தனம் நடத்துகிறது. சந்தேகமாக இருந்தால் முனையால் அழுத்துங்கள், பெயிண்டைத் தாண்டிப் பொசுக்கென்று உள்ளே போகும். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பூச்சில் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கதவை ஓங்கிச் சாத்தும்போது அந்தக் கோட்டிலிருந்து சிமெண்ட் தூள் உதிர்ந்தால், நிலையைச் சுவரோடு பிணைக்கிற இரும்புப் பட்டை, அதாவது ஹோல்ட்ஃபாஸ்ட், சுவரில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட நிலையில் எந்தக் கம்பெனிப் பூட்டைப் போட்டாலும் வீண்தான்.

மார்டைஸ் லாக் (கதவு மரத்தைக் குடைந்து உள்ளே இறக்குகிற பூட்டு) இருக்கிற வீட்டுக்காரர்கள், நிலையில் பூட்டின் நாக்கு போய் நுழைகிற அந்தப் பித்தளைத் தகட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி அளந்து பாருங்கள். அரை அங்குலமோ முக்கால் அங்குலமோதான் இருக்கும். உதைக்கிறவன் கால் பலம் முழுவதும் வந்து சேருகிற இடம் அது. அதே துளையில் இரண்டரை அங்குல ஸ்க்ரூ போட்டால், நிலை நல்ல மரமாக இருக்கும்பட்சத்தில், வித்தியாசம் ரொம்பப் பெரிது. கதவின் கனத்தையும் அளந்துவிடுங்கள். 30 மில்லிமீட்டர் கதவில் ஏறக்குறைய 18 மில்லி கனமுள்ள பூட்டை இறக்கக் குடைந்தால், பக்கத்துக்கு 6 மில்லி மரம்தான் மிஞ்சும். பூட்டு கெட்டியாகத்தான் இருக்கும், அதைச் சுற்றியுள்ள மரம் அப்பளம். வாசல் கதவு 35 மில்லிக்குக் குறையக் கூடாது. முடிந்தால் 40 போடுங்கள்.

இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருகி, நாக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளங்கள். 20 மில்லி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவைச் சாத்தி, கதவுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். அது 6 மில்லி என்றால், நிலைக்குள் உண்மையில் போவது 14 மில்லிதான். கடப்பாரையின் நுனியை இடுக்கில் விட்டு நெம்பினால் நிலை சற்று வளைந்தாலே நாக்கு வெளியே வந்துவிடும். நாக்கு ஒரு அங்குலமாவது வெளியே வருகிற பூட்டாகப் பாருங்கள். இரண்டு சுற்று பூட்டுகிற வகை என்றால் இன்னும் நல்லது, இரண்டு சுற்றும் பூட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால்.

இடைவெளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ஊதி இறுகிக்கொள்ளும். உடனே, "ஆசாரி, கதவு பிடிக்கி, கொஞ்சம் இழைச்சு விடுங்க" என்று ஆள் அனுப்புவார்கள். இழைத்துவிட்டால் அன்றைக்குச் சுகமாகச் சாத்தும். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் பார்த்தால், இடுக்கில் டார்ச் அடித்தால் நாக்கு பளபளவென்று தெரியும், ரம்பப் பிளேடு தாராளமாக நுழையும். மழைக்காலத்தில் கதவை இழைக்கச் சொல்லாதீர்கள். தை மாதம்வரை கொஞ்சம் இடித்துத் தள்ளிச் சாத்திக்கொள்ளுங்கள். அப்புறமும் பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கதவை இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வைத்திருந்தால், அந்தச் சரிவான நாக்கை விரலால் அழுத்துங்கள். உள்ளே போனால், இடுக்கு வழியாக ஒரு பிளாஸ்டிக் அட்டையாலும் அதைத் தள்ளிவிட முடியும். வெளியே போகும்போது சாவியைத் திருகி நாக்கை இறுக்கிவிட்டுப் போனால்தான் அது பூட்டு, இல்லாவிட்டால் வெறும் சாத்தல்தான். இரண்டு பக்கமும் சாவி போடுகிற சிலிண்டர் பூட்டு என்றால், சிலிண்டர் தகட்டை விட்டு எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 3 மில்லிக்கு மேல் போகக் கூடாது. நடுவில் ஸ்க்ரூ போகிற இடத்தில் சிலிண்டர் மெலிந்திருக்கும். துருத்தின பகுதியைக் குறடால் பிடித்து ஒடித்தால் சரியாக அந்த இடத்தில்தான் முறியும்.

சரி, பூட்டுக்கு வருவோம். ஆறு லீவர், ஏழு லீவர், எட்டு லீவர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். லீவர் என்பது பூட்டுக்குள் சாவி தூக்கிவிடுகிற தகடு. லீவர் கூடக்கூட, உங்கள் சாவி வேறொருவர் பூட்டில் சேருகிற வாய்ப்பு குறையும், கள்ளச் சாவி போடுகிறவனுக்கும் கஷ்டம். அது உண்மை. ஆனால் நெம்புகிறவனுக்கு நாலு லீவரும் ஒன்றுதான், எட்டு லீவரும் ஒன்றுதான். லண்டனில் பிராமா என்கிற பூட்டுக் கம்பெனி, தங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று எழுதிக் கடை ஜன்னலில் ஒரு பூட்டைப் பல வருஷம் வைத்திருந்தது. 1851-இல் அங்கே பெரிய பொருட்காட்சி நடந்த சமயம், ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 51 மணி நேரம் ஆனது, 16 நாளில் பிரித்துப் பிரித்து உட்கார்ந்து செய்தார். உலகத்திலேயே கைதேர்ந்த ஆளுக்கே அந்த நேரம். நம் ஊருக்குக் கடப்பாரையோடு வருகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

தொங்கு பூட்டு வாங்கும்போது காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பித்தளை என்று சொல்லிக் கொடுக்கிற பூட்டின் உடம்பில் காந்தம் ஒட்டினால், அது இரும்புக்கு மேல் பூசின மஞ்சள். வளையம் காந்தத்தில் ஒட்டுவது சரிதான், அது இரும்பாகத்தான் இருக்க வேண்டும். வளையத்தின் கனம் 8 மில்லியாவது இருக்கட்டும், 10 இருந்தால் நிம்மதி. வீட்டில் பழைய பூட்டு கிடந்தால் வளையத்தில் ஒரு அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் வளையம் கடினப்படுத்தினது. கரகரவென்று பிடித்துப் பொடி விழுந்தால், ரம்பத்துக்கும் அப்படியே விழும். பூட்டைத் திறந்து வளையத்தின் இரண்டு காலையும் பாருங்கள். இரண்டிலும் வெட்டு இருந்தால் இரண்டு பக்கமும் பிடிக்கும் பூட்டு. ஒரு காலில் மட்டும் இருந்தால் மெல்லிய தகடு ஒன்றைச் செருகித் திறக்கிற வித்தை தெரிந்தவர்களுக்கு வசதி.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மவுசு கூடியிருக்கிறது. கையால் அரம் போட்டுச் செய்கிற நல்ல பழைய வகை மாங்காய்ப் பூட்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை மாட்டுகிற கொண்டியையும் அதே கனத்துக்குப் போடுங்கள்.

பூட்டு தேய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, சாவியை முழுக்கச் செருகாமல் லேசாக வெளியே இழுத்து வைத்துத் திருகிப் பாருங்கள். திறந்தால் மாற்றிவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறின வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் வீடுகளில் மார்டைஸ் லாக்கைக் கழற்றினால் உள்ளே ஆற்று வண்டல் களிம்பாகப் படிந்திருந்தது. ஸ்பிரிங் துருப்பிடித்தால் லீவர் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும், சாவி பிடிப்பில்லாமல் லேசாகச் சுற்றும். வெள்ளம் கண்ட பூட்டு இன்னும் கதவில் இருந்தால் ஒருமுறை திறந்து காட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கத்தையும் நிறுத்துங்கள், அது தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். பென்சில் கூரைச் சாவியில் நன்றாகத் தேய்த்துப் போட்டுத் திருகினாலே போதும்.

வாசல் கதவை இவ்வளவு பார்த்தவர்கள், புறவாசல் கதவை ஒரு தாழ்ப்பாளோடு விட்டிருப்பதுதான் வழக்கம். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவு குடுமியில் சுழலும், வெளியே கழற்றுவதற்குக் கீலே கிடையாது, உள்ளே குறுக்கே ஒரு தண்டாவும் உண்டு. அதே வீட்டில் புதிதாகக் கட்டின அடுக்களைக்கு பி.வி.சி. கதவு போட்டிருப்பார்கள். மாடிப்படிக் கதவும் அப்படித்தான். தார்சாவின், அதாவது தாழ்வாரத்தின், கம்பி அழி வழியாகக் கையை விட்டால் உள்தாழ்ப்பாள் எட்டுகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் கை நீளமான பையன் இருந்தால் அவனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வான். கதவுப் பக்கத்து ஜன்னலுக்கும் இதே சோதனைதான்.

பம்பாய், சென்னை, துபாய் என்று போய்விட்டு, கோயில் கொடைக்கு மட்டும் வந்து திறக்கிற வீடுகள் நம் கிராமங்களில் நிறைய. அங்கே பூட்டைவிடப் பெரிய அடையாளம் வாசல்தான். நாலு நாள் கோலம் விழாத வாசலும், வெளிக் கேட்டில் வெளிப்பக்கமாகத் தொங்குகிற பெரிய பூட்டும் 'ஆள் இல்லை' என்று எழுதிப்போட்ட மாதிரி. கேட்டை உள்பக்கமாகப் பூட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வாசல் தெளிக்கப் பக்கத்து வீட்டு மைனியிடம் சொல்லிவையுங்கள். குற்றாலத்துக்கு இரண்டு நாள் போனாலும் சரி, காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், தப்பில்லை.

கடைசியாக, கைரேகைப் பூட்டு. இப்போது புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் வேலை செய்யும், அது பிரச்சினை இல்லை. வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் இருந்தால் வாங்குமுன் அவர்களைக் கூட்டிப்போய்க் கடையிலேயே விரல் வைத்துப் பாருங்கள். முக்கூடல், கடையம் பக்கம் வருஷக்கணக்கில் இலை உருட்டித் தேய்ந்த விரல்களை ரேஷன் கடை மெஷினே லேசில் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, பெரும்பாலான கைரேகைப் பூட்டுகளில் ஒரு மூடிக்குப் பின்னால் சாதாரணச் சாவித் துவாரம் இருக்கும். அந்த மூடியைத் தள்ளி, உள்ளே இருக்கிற சிலிண்டர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பூட்டின் பலம் அந்த சிலிண்டரின் பலம்தான். அந்தச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்துவிடாதீர்கள், பேட்டரி தீர்ந்த அன்றைக்கு நீங்கள் வெளியேதான் நின்றுகொண்டிருப்பீர்கள்.