மார்கரெட் ரிவர் பயணம்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், வடக்கே நேச்சுரலிஸ்ட் முனைக்கும் தெற்கே லூவின் முனைக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளும் கடற்கரை நிலம்தான் மார்கரெட் ரிவர் ஒயின் வட்டாரம். இந்த மண்ணும் தட்பவெப்பமும் ஒயின் திராட்சைக்கு ஏற்றவை என்று ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிவியலாளர் 1960களின் நடுவில் எழுதினார். 1967இல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டத்தில் முதல் கொடிகளை நட்டார். கேபர்நே சாவின்யோன் என்ற சிவப்பு, ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் வகைகளுக்கு இன்று உலகெங்கும் பெயர் பெற்றிருக்கும் இந்த இடத்துக்குச் செல்வோர் பலர், தோட்டங்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். கடலையும் காட்டையும் குகைகளையும் மீதி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் அந்தத் திட்டம்தான் மற்ற பிழைகளுக்கெல்லாம் வேர் என்பது என் கருத்து. இங்கே கடலை முதலில் வைத்து, அதைச் சுற்றி ஒயினை அமைத்துக்கொள்வதே சரியான வரிசை.

பெயரை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது முதல் தவறு. மார்கரெட் ரிவர் என்பது ஓர் ஆற்றின் பெயர், ஒரு சிற்றூரின் பெயர், ஒரு முழு வட்டாரத்தின் பெயர். அந்த ஊரில் அறை எடுத்துவிட்டால் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். பெர்த்திலிருந்து ஊர் சுமார் 270 கிலோமீட்டர்; காரில் மூன்று மணி நேரம். ஆகவே பெர்த்திலிருந்து காலையில் கிளம்பி இரவில் திரும்பும் ஒருநாள் பயணம் வேண்டாம். பகலில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும். குறைந்தது மூன்று இரவுகள் தங்கினால்தான் இடம் பிடிபடும். வட்டாரத்துக்குள்ளும் தொலைவுகள் சிறியவை அல்ல. வடக்கே டன்ஸ்பரோவிலிருந்து மார்கரெட் ரிவர் ஊருக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே அகஸ்டாவுக்கும் ஏறத்தாழ அதே தூரம். வாஸ் ஃபெலிக்ஸ், மாஸ் வுட், கல்லன் போன்ற பழைய தோட்டங்கள் வில்யாபரப் பகுதியில் ஊருக்கு வடக்கே இருக்கின்றன. லூவின் எஸ்டேட், வாயேஜர் எஸ்டேட் ஆகியவை ஊருக்குத் தெற்கே இருக்கின்றன. வடக்குக்கு ஒரு நாள், தெற்குக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளாமல் இரண்டையும் ஒரே பகலில் கலந்தால், வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கேவ்ஸ் சாலையில் மேலும் கீழுமாக ஓடுவதிலேயே பொழுது போகும். வில்யாபரப் தோட்டங்களைப் பார்க்கும் நாளில் யாலிங்கப் கடற்கரையையும், தெற்குத் தோட்டங்களைப் பார்க்கும் நாளில் லேக் குகையையும் போரனப் காட்டின் வானுயர்ந்த கர்ரி என்ற யூக்கலிப்டஸ் வகை மரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பருவத்தை நம் நாட்காட்டிப்படி எண்ணுவது அடுத்த தவறு. அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில் செல்வோருக்கு ஏப்ரல் மாதம் மிக நல்ல காலம்: வெயில் தணிந்திருக்கும், அறுவடை முடியும் தறுவாயில் இருக்கும். அதையே மே மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் மழைக்காலத்தின் வாசலில் போய் நிற்க நேரும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை முழுக்கக் குளிர்காலத்தில் விழுகிறது. டிசம்பர் விடுமுறையோ ஆஸ்திரேலியாவின் கோடை விடுமுறையோடு மோதுகிறது. அப்போது வாடகை உயரும், அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், இரண்டு மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் தர மறுக்கும் விடுதிகளும் உண்டு. குளிர்காலம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஜூன் முதல் அகஸ்டா அருகே ஃபிளிண்டர்ஸ் விரிகுடாவில் திமிங்கிலங்களைக் காணலாம். செப்டம்பர் தொடங்கிக் காட்டுப்பூக்கள் மலரும். ஆனால் கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையோடு ஜூலையில் செல்லக் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. தோட்டத்திலேயே ஒயினைச் சுவைத்து வாங்கும் கூடத்தை அங்கே செல்லார் டோர் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஊற்றித் தருவது சிறிதளவுதான் என்பதால் பலரும் காரோட்டத் தடையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று கொள்கிறார்கள்; 13 சதவீத வலிமையுள்ள ஒயினில் அது சுமார் 100 மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு கூடத்தில் 30 மில்லி வீதம் ஐந்து வகைகளைச் சுவைத்தால் 150 மில்லி ஆகிறது. மூன்று கூடங்களுக்குச் சென்றால் நான்கரை அளவுகள் உள்ளே போய்விடுகின்றன. உடல் ஓர் அளவைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும் என்பதையும், ஆளுக்கு ஆள் அது வேறுபடும் என்பதையும் சேர்த்து எண்ணினால், பிற்பகலில் காரோட்டுவது எத்தகைய பொறுப்பின்மை என்பது விளங்கும். இரத்தத்தில் ஆல்கஹாலுக்கான சட்ட வரம்பு 0.05 சதவீதம், சாலையில் யாரையும் எந்த நேரத்திலும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்யக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு.

தோட்டங்களுக்கிடையே நம்பிச் செல்லக்கூடிய பொதுப் பேருந்து இல்லாததால், திட்டமிடும்போதே இதற்கு வழி கண்டுவிட வேண்டும். குழுவில் ஒருவர் அன்று முழுவதும் குடிக்காமல் இருப்பது ஒரு வழி. ஓட்டுநரோடு வரும் சுற்றுலா வண்டியை ஒரே ஒரு நாளுக்கு அமர்த்திக்கொண்டு, ஒயினை அந்த நாளுக்குள் அடக்கிவிடுவது மேலான வழி. சுவைத்த ஒயினைத் துப்புவதற்கென்றே கூடங்களில் பாத்திரம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்த நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அங்கே அது அவமரியாதை அல்ல, ஒயின் தயாரிப்பவர்களே நாள்தோறும் செய்வதுதான். ஒரு நாளைக்கு மூன்று கூடங்களுக்கு மேல் போக வேண்டாம். நான்காவது கூடத்தை எட்டும்போது நாக்கு மரத்துப்போய், ஒரு ஷார்டனேக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாத நிலை வந்துவிடும். அந்த ஒயினை உருவாக்கியவர்களின் உழைப்புக்கும் அது நியாயம் செய்யாது. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் கங்காருக்கள் சாலையைக் கடக்கும் என்பதால், குடிக்காதவர்களும் அந்த நேரங்களில் நெடுந்தூரம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

கடலை வெறும் காட்சியாக எண்ணுவதும் உயிருக்கு உலை வைக்கும் தவறு. மேற்கு நோக்கிய கரைகளில் இந்தியப் பெருங்கடலின் அலைகள் தடுப்பே இல்லாமல் வந்து மோதுகின்றன. உலகின் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்கள் மார்கரெட் ரிவர் ஊரை அடுத்த பிரெவெலி கடற்கரைக்கு வந்து போட்டியிடுவதும் அதனால்தான். அந்த வீரர்களுக்கு ஏற்ற நீர் குழந்தைகளுக்கு ஏற்றதாக இருக்க முடியாது. குடும்பத்தோடு குளிக்க வேண்டுமென்றால் வடக்கு நோக்கிய மீலப், ஈகிள் பே, பங்கர் பே ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். நேச்சுரலிஸ்ட் முனையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குக் காற்றும் அலையும் அங்கே தணிந்திருக்கும். கோடையில் காலை வேளையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று பிற்பகலில் திசை மாறி, கடலிலிருந்து வலுவாக வீசத் தொடங்கும். ஆகவே கடலுக்குக் காலையும் குகைக்கோ தோட்டத்துக்கோ பிற்பகலும் என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் நன்றாக அனுபவிக்கலாம். கனால் ராக்ஸ் போன்ற பாறைக் கரைகளில், அமைதியாக இருக்கும் கடலிலிருந்தும் திடீரென ஒரு பேரலை எழுந்து ஆட்களை இழுத்துச் செல்லும். படம் எடுப்பதற்காக ஈரப் பாறையின் விளிம்பில் நிற்கவே கூடாது. சுண்ணாம்புப் பாறை முகடுகளின் அடியில் நிழலுக்காக உட்காருவதும் கூடாது. 1996 செப்டம்பரில் கிரேஸ்டவுன் அருகே அப்படி ஒரு முகடு இடிந்து விழுந்ததில் ஒன்பது பேர் இறந்தார்கள்.

முதியோரோடு செல்வோர் குகைகளை விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேக் குகைக்குள் வழிகாட்டியோடுதான் செல்ல முடியும்; இறங்கியதும் ஏற வேண்டிய படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதைவிட மாமத் குகை அவர்களுக்கு எளிது. 1,841 மீட்டர் நீளமுள்ள பஸ்ஸல்டன் மரப்பாலத்தில் சிறு ரயில் ஓடுவதால் நடக்க முடியாதவர்களும் கடலுக்கு நடுவே போய்வரலாம். பாலத்தின் முனையில் நீருக்கடியில் அமைந்த காட்சிக்கூடத்துக்கு முன்பதிவு அவசியம்.

உணவைக் கடைசி நேரத்துக்கு விடக் கூடாது. தோட்ட உணவகங்களில் பல மதிய உணவு மட்டுமே தருகின்றன. வார நாட்களில் ஓரிரு நாள் மூடியிருப்பவையும் உண்டு. சைவ உணவினர் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மீன் இல்லை, கோழி இல்லை, இறைச்சிச் சாறும் இல்லை என்று விரித்துச் சொன்னால்தான் குழப்பம் வராது. பலர் அறியாத ஒன்று: ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளையையோ பால் புரதத்தையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளையோ பயன்படுத்துவது வழக்கம். முட்டையும் பாலும் புட்டியின் சீட்டில் குறிப்பிடப்படும். மீன் பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கண்டிப்பான சைவர்கள் வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று குறித்த புட்டியைக் கேட்டு வாங்குவது நல்லது.

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மின்னணு அனுமதியிலேயே செல்லலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு முறையான பார்வையாளர் விசா தேவை என்பதால், அது கைக்கு வருமுன் திருப்பித் தராத கட்டணத்தில் விடுதி எடுக்க வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஊறுகாய், பொடி, விதை, கறிவேப்பிலை எதுவாயினும் வருகை அட்டையில் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எழுதிக் காட்டினால் போவது பொருள் மட்டுமே; மறைத்தால் அபராதம். சிட்னி, மெல்பர்ன் வழியாக வருவோரும் கவனிக்க வேண்டும்: தேனையும் பல பழங்களையும் மற்ற மாநிலங்களிலிருந்துகூட மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரக் கூடாது.

வாங்கிய ஒயினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போவதையும் தவிர்க்க வேண்டும். சில மணி நேரச் சூட்டிலேயே அதன் சுவை கெடத் தொடங்கிவிடும். இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு 2 லிட்டர் வரையே அனுமதி. அதாவது 750 மில்லி புட்டிகள் இரண்டு. விமானத்தில் கைப்பையில் அவற்றை ஏற்றிச் செல்ல முடியாது. துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவே வைக்க வேண்டும், அல்லது புட்டிகளுக்கென்றே செய்த அட்டைப்பெட்டியைத் தோட்டத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.