தனுஷ்கோடி சைக்கிள் பயணம்: நெஞ்சில் கட்டும் கேமராவுக்கு

ஹெல்மெட்டை விட நெஞ்சுப்பட்டையே நல்லது. தலை திரும்பும்போதெல்லாம் படமும் திரும்பாது. ஹேண்டிலும் கைகளும் தெரிவதால் வேகம் புரியும். ஆனால் குனிந்து மிதிக்கும்போது லென்ஸ் ரோட்டைப் பார்த்துவிடும். அதனால் சைக்கிளில் ஏறி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்தபடியே கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து, திரையில் முன்சக்கரமும் அடிவானமும் சேர்ந்து தெரிகிறதா என்று பார்த்து திருகை இறுக்குங்கள்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ரோடு தென்கிழக்காகப் போகிறது. காலையில் போகும்போது வெயில் லென்ஸில் நேராக அடிக்கும். திரும்பும்போது எடுத்தால் மணலும் கடலும் நிறத்தோடு விழும். ஆடிக் காற்றில் மைக்கில் இரைச்சல் மட்டுமே பதியும், பஞ்சு உறை போடுங்கள். நிற்கும் இடத்தில் பதிவையும் நிறுத்துங்கள். காற்றோட்டம் இல்லாமல் வெயிலில் சூடேறி தானாக அணைந்துவிடும். 4கே படம் 60 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 60 மெகாபிட் பதிவு) மணிக்கு ஏறக்குறைய 27 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி கார்டு 2 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

முக்கியமானது உப்பு. வீடு வந்ததும் சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கவே கூடாது, ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். தண்ணீர் புகாத கேமராவென்றால், பேட்டரி மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ரப்பர் விளிம்பில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் அடுத்த முறை தண்ணீர் உள்ளே போகும். திருகையும் கழற்றிக் கழுவுங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.