இங்கே டெல்லி என்றால் டிவி

இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரம். ஆபீஸ் கிச்சனில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர், நேற்று ராத்திரி டெல்லியில் ஏதாவது உருப்படியாக இருந்ததா என்று கேட்டார். எனக்கு மதுரை, டெல்லி ரொம்ப தூரம் என்று பதில் சொன்னேன். பாவம், மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். டெலிவிஷனுக்கு இங்கே செல்லப்பெயர் டெல்லி. மழையைப் பற்றிப் பேசி முடித்தபின் இந்த ஊர்க்காரர்கள் அடுத்து எடுக்கும் பேச்சு அதுதான்.

முதலில் பணக்கணக்கைப் பார்த்துவிடுவோம். வாடகை வீட்டுக்குக் குடிபோன சில நாட்களிலேயே பெயர் இல்லாமல் 'இந்த முகவரியில் குடியிருப்பவருக்கு' என்று ஒரு கடிதம் வரும். டிவி லைசென்ஸ் கடிதம் அது. டிவி பார்க்க ஆண்டுக்கு ஆண்டு கட்டும் கட்டணம், பிபிசிக்குப் போவது. 'நான் பிபிசி பக்கமே போவதில்லை, எனக்கு எதற்கு லைசென்ஸ்?' என்று நம்மவர்களில் பாதிப் பேர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். அங்கேதான் தப்பு. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் அதைப் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். எந்தச் சேனல், எந்த நாடு, எந்தக் கருவி என்பதெல்லாம் கணக்கில்லை. போனில் ஆப் வழியாக சன் டிவியை நேரலையில் பார்ப்பதும், ஐபிஎல் மேட்ச் நேரலையும் இதில் சேர்த்தி. பிபிசியின் ஐபிளேயர் ஆப்புக்கு 2016 செப்டம்பர் 1 முதல் தனி விதி: அதில் நேரலை பார்த்தாலும் சரி, போன மாதத்து நிகழ்ச்சியைப் பார்த்தாலும் சரி, லைசென்ஸ் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் சமையல் வீடியோ, ஐடிவி ஆப்பில் முடிந்துபோன எபிசோடு என்று மட்டும் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. அப்படியானால் ஆன்லைனில் 'எனக்குத் தேவைப்படாது' என்று தெரிவித்துவிடுங்கள், கடிதங்கள் குறையும்.

கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்ட் ஆனது. பெரும்பாலும் ஏப்ரலில்தான் மாறும், கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தவணையும் உண்டு. கருப்பு வெள்ளை டிவிக்கென்று குறைந்த கட்டணத்தில் (2025-இல் 58.50 பவுண்ட்) தனி லைசென்ஸ் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பது இந்த நாட்டைப் பற்றி நிறையச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் பார்த்து மாட்டினால் இங்கிலாந்தில் 1,000 பவுண்ட் வரை அபராதம். லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஆள் வந்தால் பயப்பட வேண்டாம். கோர்ட் வாரண்ட் இல்லாமல் உங்கள் அனுமதியின்றி உள்ளே நுழைய அவருக்கு உரிமை கிடையாது.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறீர்களா? எல்லார் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் அவரவர் அறைக்கு அவரவர் எடுக்க வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பும்போது மீதி மாதங்கள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

லைசென்ஸுக்கு மேல் கேபிள் காசு கட்ட வேண்டிய அவசியமில்லை. ஹால் சுவரில் ஆன்டெனா சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். வயரைச் சொருகி டிவியை ட்யூன் செய்தால் ஃப்ரீவியூ வந்துவிடும். 2002-இல் ஆரம்பித்த இதற்கு மாதக் கட்டணம் கிடையாது. பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 எல்லாம் அதிலேயே. சாக்கெட் இல்லாவிட்டால் வைஃபை இருக்கிறது, ஒவ்வொரு சேனலுக்கும் ஆப் இருக்கிறது.

'எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும் அண்ணா, ஒரு தடவை கட்டினால் போதும்' என்று யாராவது ஒரு பெட்டியை நீட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நானும் ஒன்று வாங்கினேன். மூன்றாம் மாதம் திரை கருத்தது, விற்றவர் போனை எடுக்கவே இல்லை. சட்டவிரோதமான சரக்கு, யாரிடம் போய் முறையிடுவது?

சரி, என்ன பார்ப்பது? என் பேச்சைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்குச் சன் டிவியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள். பள்ளியில் படித்த இங்கிலீஷ் வேறு, நியூகாசில்காரர் பேசுவது வேறு, கிளாஸ்கோக்காரர் பேசுவது வேறுலகம். ரிமோட்டில் சப்டைட்டில் பட்டனைத் தட்டிவிட்டுப் பாருங்கள். நேரலையில் எழுத்து சில நொடி பின்தங்கி வரும். பேசுவதைக் கேட்டு ஒருவர் அதையே திருப்பிச் சொல்ல, கம்ப்யூட்டர் அதை எழுத்தாக்குவதால் வரும் தாமதம் அது. அவ்வப்போது வேடிக்கையான பிழைகளும் வரும். பொறுத்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் காது பழகிவிடும்.

சாயங்காலம் ஆறரைக்கு பிபிசி ஒன்றில் உங்கள் வட்டாரச் செய்தி. ரயில் ஸ்டிரைக், மருத்துவமனை விவகாரம், எந்த ரோட்டில் வெள்ளம் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அதற்கு முந்தைய ஆறு மணிச் செய்தியைப் பல வருடம் வாசித்தவர் கொழும்பில் பிறந்த தமிழர் ஜார்ஜ் அழகையா. 2023 ஜூலையில் காலமானார். அவர் குரல் கேட்டால்தான் வேலை நாள் முடிந்தது என்று நினைத்த வீடுகள் இங்கே உண்டு, நம் வீடுகள் மட்டுமல்ல. இன்று வீக்கஸ்ட் லிங்க் வினாடி வினாவை நடத்தும் ரோமேஷ் ரங்கநாதனின் பெற்றோரும் இலங்கைத் தமிழர்கள். 2024 மாஸ்டர்செஃப் போட்டியில் ஜெயித்த பிரின் பிரதாபன் அதே வேர், தொழிலால் கால்நடை மருத்துவர்.

சீரியல் பழக்கம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்எண்டர்ஸ். 1985 முதல் ஓடுகிறது. மாமியார் மருமகள் சண்டைக்குப் பதில் இங்கே மதுக்கடையில் வைத்துச் சண்டை. எபிசோடு முடிகிற இடத்தில் யாரோ ஒருவர் முகத்தில் கேமரா நிற்க, 'டுஃப் டுஃப்' என்று டிரம் அடிக்கும். நம் சீரியல்களில் மூன்று தரம் திரும்பும் முகம் நினைவுக்கு வரும். அது முடிந்ததும் நாடே எழுந்து டீக்கு மின்சாரக் கெட்டிலைப் போடுமாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மின்வாரியக்காரர்கள் நிகழ்ச்சி நேரம் பார்த்துத் திட்டமிட்டார்கள். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து பெனால்டியில் தோற்ற கையோடு 2,800 மெகாவாட் கூடுதலாக இழுத்தது. இப்படிப்பட்ட திடீர்த் தேவைக்கென்றே வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து டினார்விக் நீர்மின் நிலையம் கட்டியிருக்கிறார்கள்.

இலையுதிர் காலத்துச் செவ்வாய்க்கிழமைகளில் சேனல் 4-இல் கேக் சுடும் போட்டி, பேக் ஆஃப். புதன் காலை ஆபீஸில் வேறு பேச்சே இருக்காது. ஒருநாள் கேன்டீனில் 'பை' (pie) என்கிற மாவுப் பண்டத்தைப் பார்த்து ஒருவர் 'சாகி பாட்டம்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நான் மட்டும் முழித்தேன். அடிமாவு வேகாமல் சொதசொதவென்று இருப்பதற்கு அந்த நிகழ்ச்சி பிரபலமாக்கிய சொல் அது. இரட்டை அர்த்தம் உங்களுக்கே புரியும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரவு ஒன்பது மணியை நினைவில் வையுங்கள். அதுவரை எல்லாரும் பார்க்கத் தக்கவை, அதன்பின் கெட்ட வார்த்தையும் மற்றதும் வரலாம். மாமனார் பக்கத்தில் இருக்கும்போது ஒன்பதரைக்குச் சேனல் மாற்றிப் பழகாதீர்கள்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு என் சிபாரிசு கவுண்ட்டவுன். 1982 நவம்பரில் சேனல் 4 தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பான நிகழ்ச்சியே இதுதான். எழுத்துகளை வைத்துச் சொல் கட்டும் சுற்றை விடுங்கள், எண் சுற்று இருக்கிறது பாருங்கள்! ஆறு எண்களை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு இலக்கைத் தொட வேண்டும், முப்பது நொடி. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. 75, 9, 6, 4, 3, 2 வந்தது, இலக்கு 462. கடிகாரம் பாதி சுற்றுவதற்குள், 'எழுபத்தஞ்சாறு நானூத்தம்பது, ஒம்பதும் மூணும் பன்னெண்டு, முடிஞ்சது போ' என்று காபியை எடுத்துக்கொண்டார். வாய்ப்பாட்டை விடவா ஒரு மொழி!

லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஐபிளேயர் அங்கே ஓடாது. கிளம்பும் முன் இங்கேயே போனில் டவுன்லோட் செய்துகொண்டால் விமானத்திலும் பார்க்கலாம், மதுரையிலும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு என்பதால் கடைசி வாரத்தில் செய்யுங்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று வேலை மாறிப் போகிறவர்களுக்கு பிரிட்பாக்ஸ் என்று காசு கட்டிப் பார்க்கும் சேவை இருக்கிறது.

அப்பா ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. கவுண்ட்டவுன் அங்கே கிடைக்காததால், லீவு நாட்களில் எண்களை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நேற்று அனுப்பிய இலக்கு 813. நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.