ஆய்வு முன்மொழிவு மதிப்பெண்ணில் வந்த இழுபறி தீர்ந்த விதம்

திருநெல்வேலியில் இளநிலை வேதியியல் மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளை நாங்கள் இருவர் தனித்தனியே திருத்துகிறோம். தாமிரபரணி நீரின் மாசு பற்றிய ஒரு முன்மொழிவுக்கு ஒருவர் முதல் வகுப்பு மதிப்பெண் தர, மற்றவர் தேர்ச்சியே தரவில்லை. சராசரி எடுத்தோம், அது இருவரின் கருத்தாகவும் இல்லை. மூன்றாமவரிடம் கொடுத்ததில் மூன்றாவது எண் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். மதிப்பீட்டுத் தலைப்புகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்ததும் வேலையைத்தான் கூட்டியது.

இரண்டு மதிப்பெண் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, வேறுபாடு முழுவதும் 'செய்து முடிக்க இயலுமா' என்ற ஒரே வரியில் இருந்தது. எனவே மாதிரி எடுக்கும் நாள், அளவீடு பார்க்கும் நாள் ஆகியவற்றைக் கிழமையுடன் எழுதிய நாள்காட்டி ஒன்றை மாணவரிடம் கேட்டு வாங்கினோம்.

உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவை, அறிய மாதிரியை 20 பாகை செல்சியஸில் 5 நாள் வைக்க வேண்டும். செவ்வாயன்று வைத்தால் அளவீடு ஞாயிற்றுக்கிழமையில் விழும். அன்று ஆய்வகம் பூட்டியிருக்கும். இந்திய தர நிர்ணய முறைப்படி 27 பாகையில் 3 நாள் என மாற்றியதும் அது வெள்ளிக்கு வந்தது. கார், பிசானம் என்ற இரு நெல் சாகுபடிகளின் உரக்கழிவை ஒப்பிடும் பகுதியை நீக்கச் சொன்னோம். டிசம்பரில் தொடங்கும் கல்விப் பருவத்துக்குள் கார் சாகுபடி வராது.

திருத்திய முன்மொழிவில் எங்கள் மதிப்பெண்கள் ஏறத்தாழ ஒன்றாக வந்தன, நிம்மதி. இப்போது நாள்காட்டி இல்லாத முன்மொழிவை நாங்கள் திருத்த எடுப்பதில்லை.