சந்துக்கு ஒரு கான்கிரீட் வீடு: போருக்கும் ஆலை விபத்துக்கும் வடசென்னை ஆயத்தமாகும் முறை

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. 2025 மே 7 அன்று நாடெங்கும் சிவில் பாதுகாப்பு (போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் ஏற்பாடு) ஒத்திகை நடந்தபோது, தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் சென்னைத் துறைமுகமும் ஒன்று. துறைமுகத்துக்கு வடக்கே இன்று சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம் என்று எரியக்கூடியவையும் கசியக்கூடியவையும் வரிசையாக நிற்கின்றன. எனவே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குடியிருப்போருக்குப் போருக்கு ஆயத்தமாவதும் ஆலை விபத்துக்கு ஆயத்தமாவதும் பெரும்பாலும் ஒரே வேலைதான். இதுவரை எதையும் செய்யாதவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே தொடங்கலாம்.

படி 1: ஒதுங்கும் வீட்டை முடிவு செய்யுங்கள்

உணவும் மருந்தும் ஆவணங்களும் கொண்ட அவசரப் பையைக் கட்டுவதில் தொடங்கச் சொல்வதே வழக்கம். நம் பகுதிக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. ஓடு வேய்ந்த வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் எவ்வளவு நேர்த்தியாகப் பை கட்டி வைத்தாலும், கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாக வாயு உள்ளே வரும். அதிர்வில் ஓடுகள் தலைமேல் விழும். ஆகவே உங்கள் சந்தில் கான்கிரீட் தளம் போட்ட, முடிந்தால் மாடியுள்ள ஒரு வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, ஆபத்து நேரத்தில் யார் யார் அங்கே வரலாம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சைரன் ஒலிக்கும்போது கதவைத் தட்டிக் கேட்பதைவிட, முன்பே சம்மதம் வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

அந்த வீட்டில் எந்த அறையில் இருப்பது என்பது ஆபத்தைப் பொறுத்தது. புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடமும் இதுதான். குண்டு வீச்சு, வெடிவிபத்து என்றால் தரைத்தளத்தின் உள் அறைக்கோ மாடிப்படியின் அடிக்கோ சென்று, ஜன்னல் கண்ணாடியிலிருந்து விலகி, தலையைக் கைகளால் மூடிக் குனிந்திருக்க வேண்டும். வாயுக் கசிவு என்றால் மாடி அறையே மேல், ஏனெனில் குளோரின் காற்றைவிடக் கனமானது, குளிர்ந்த நிலையில் பீறிடும் அமோனியாவும் ஈரக்காற்றில் புகைபோலத் தரையோடு தவழும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணியுங்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் இது ஓரளவு காக்கும்.

படி 2: காற்றைப் பார்க்கப் பழகுங்கள்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து எண்ணூர் பெரியகுப்பத்தையும் சின்னக்குப்பத்தையும் சூழ்ந்தபோது, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். வெளியே இருக்கும்போது கசிவு ஏற்பட்டால் ஓடும் திசைதான் உயிரைக் காக்கும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று பொதுவாகக் கிழக்கிலிருந்து வீசுவதால், கடற்கரையில் கசிவு என்றால் வடக்கோ தெற்கோ விலகுவது சரி. இரவில் காற்று மாறிவிடும். மொட்டை மாடியில் காயும் புடவையும் படகில் கட்டிய கொடியும் திசையைக் காட்டும். போகிற வருகிற நேரத்தில் அதைக் கவனிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

படி 3: வெளியேறும் வழி

இரண்டு வழிகளைத் தீர்மானியுங்கள். அவற்றில் ஒன்றிலாவது சுரங்கப்பாதையோ ரயில்வே கேட்டோ இருக்கக் கூடாது. கொருக்குப்பேட்டை கேட்டில் காத்து நின்றவர்களுக்கும், மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதையைப் பார்த்தவர்களுக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

சந்தின் வாயில் இன்னொரு தலைவலி. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் நுழைய முடியாதபடி பைக்குகளும் மீன்பாடி வண்டிகளும் நிற்கும் இடத்தில் எந்தத் திட்டமும் வேலை செய்யாது. ஒரு பக்கமாவது இரவு முழுதும் காலியாக இருக்க வேண்டும் என்று சந்துக்காரர்கள் கூடி முடிவு செய்யுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களையும் கர்ப்பிணிகளையும் யார் தூக்கி வருவது என்பதையும் அப்போதே பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். தெருமுனை கேரம் கிளப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள்.

படி 4: தண்ணீர், பிறகு மற்றவை

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்று கணக்கிட்டால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர் தேவை. இருபது லிட்டர் கேன் இரண்டும் ஒரு குடமும் இருந்தால் போதும். குழாய்த் தண்ணீரில் ஐயம் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். ஆனால் கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும். மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதுபோல, வெள்ளத்தோடு எண்ணெயோ ரசாயனமோ தொட்டியில் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. ஆகவே தரைத்தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உணவாக அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், பிஸ்கட் ஆகியவை போதும். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியதாக இருப்பதே முக்கியம். வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வையுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் மின்சாரம் போனால் மருந்துக் குப்பியை நனையாதபடி பாக்கெட்டில் சுற்றி, ஈரத்துணி போர்த்திய மண்பானைக்குள் வைக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பாஸ்புக், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் சில்லறை நோட்டுகளோடு ஒரே பையில் வைத்துவிடுங்கள்.

படி 5: சைரனும் இருட்டடிப்பும்

இரண்டு நிமிடம் ஏறி இறங்கி ஒலித்தால் விமானத் தாக்குதல் எச்சரிக்கை; இரண்டு நிமிடம் ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. ஆலைச் சங்குக்குப் பழகிய காதுகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லி வைப்பது நல்லது. எச்சரிக்கை கேட்டதும் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, விளக்குகளை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். அது தானாகவே விளக்கை எரியவிட்டு இருட்டடிப்பை, அதாவது வானிலிருந்து ஊர் தெரியாதபடி இருளாக வைப்பதை, கெடுத்துவிடும். ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி தேவை. சமையல் கேஸ் நாற்றம் அடித்தால் மட்டும் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறுங்கள்.

துறைமுகத்தையும் கப்பல் நடமாட்டத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். செய்திக்குப் பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ நம்பகமானது. ரெயின்போ பண்பலை 101.4இல் கிடைக்கும். அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாநகராட்சிக்கு 1913, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒதுங்கும் வீட்டின் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

படி 6: ஒத்திகை

மாதம்தோறும் ரேஷன் வாங்கும் நாளில் பையில் உள்ள பழைய அவலையும் பிஸ்கட்டையும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு புதியதை வையுங்கள், தண்ணீரை மாற்றுங்கள், பவர் பேங்கை சார்ஜ் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சந்து முழுவதும் ஒதுங்கும் வீட்டுக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். பாட்டியைத் தூக்கி வரும் நாற்காலி மாடிப்படியில் திரும்புமா என்பது அப்போதுதான் தெரியும். திரும்பாவிட்டால் நாற்காலியை விட்டுவிட்டு, நான்கு முனையிலும் ஆள் பிடிக்கும் தடித்த போர்வைக்கு மாறுங்கள்.