தனிய இரிக்கிற கினிபிக்குக்குச் சோடி தேடுறது எப்பிடி

நம்மட வீட்ட ரெண்டு கினிபிக் இரிந்திச்சு, ரெண்டும் பெட்டை. போன கச்சான் காத்து நேரம் ஒண்டு சூடு தாங்காம செத்துப்போச்சு. மத்தது, பேர் சுண்டல், முதல் எல்லாம் பிரிட்ஜ் கதவு துறக்கிற சத்தம் கேட்டாலே வீக் வீக் எண்டு வீட்டையே தூக்கும், அது அப்பிடியே அமந்து போய் மூலைக்குள்ள கிடந்திச்சு. கண்ணாடி வெச்சுப் பாத்தன், மகள்ட கரடிப் பொம்மைய வெச்சுப் பாத்தன், ஒண்டுக்கும் அசையல்ல. கூட்டமா வாழுற சாதி இது, சுவிட்சர்லாந்துல எல்லாம் 2008ல இருந்து தனிய ஒண்ட மட்டும் வளக்க சட்டமே விடாது.

ஒண்டு மட்டும் கவனம், சோடி போன கவலைதானே எண்டு நினைச்சு சாப்பாட்ட கவனிக்காம விட்டுராதீங்க. அரை நாள், ஒரு நாள் ஒண்டுமே திங்காம இரிந்தா குடல் வேலை செய்யிறது நிண்டுரும், அப்ப சோடி தேட ஏலாது, மிருக டொக்டரத்தான் தேடணும்.

சரி, முதல் உங்கட கினிபிக் கடுவனா பெட்டையாண்டு நீங்களே பாருங்க. கடைக்காரர் சொன்னத நம்பாதீங்க. மெல்லமா மல்லாத்திப் பிடிச்சா பெட்டைக்குப் பிறப்புறுப்பு ஆங்கில வை எழுத்து மாதிரித் தெரியும், கடுவனுக்கு அந்த இடத்துக்கு மேல லேசா அமத்தினா குஞ்சு வெளிய வரும். ரெண்டு பெட்டை சேர்க்கிறதுதான் லேசு. கடுவனெண்டா அதோட ஒரு சின்னக் கடுவன் குட்டிய விடலாம், ஆனா கிட்டத்துல பெட்டை வாசம் இரிக்கப்படாது, இரிந்தா சண்டைதான். கடுவனையும் பெட்டையையும் சேர்க்கிறதெண்டா கடுவனுக்கு விதை எடுக்கிற ஆப்பரேஷன் செய்யணும், செஞ்சும் 6 கிழமை பிரிச்சு வைக்கணும், அதோட சின்ன உயிருக்கு மயக்கம் குடுத்துப் பழகின டொக்டர் வேணும், நம்மட பக்கம் மாடு ஆடு பாக்கிற ஆக்கள்தான் கூட, அதனால அந்த வழிய நான் யாருக்கும் சொல்றல்ல. ஆப்பரேஷன் இல்லாம விட்டீங்களெண்டா ரெண்டு மாசம் கொஞ்சத்துல குட்டி, குட்டி போட்ட அண்டைக்கே திரும்பவும் சினைப்படும், கடுவன் குட்டிகள 3 கிழமையில பிரிக்காட்டி தாயையும் விடாது. முதல் குட்டி 8 மாசம் தாண்டிப் போட்டா இடுப்பெலும்பு இறுகி தாயே செத்துப்போகலாம்.

முயல் கூட விட்டா என்னண்டு கேப்பாங்க, வேணாம். முயல் ஒரு உதை விட்டா காணும், அதோட முயலுக்கு ஒண்டும் செய்யாத கிருமி கினிபிக்குக்கு நியூமோனியாவாக்கும்.

எங்க எடுக்கிற? மட்டக்களப்பு டவுண், கல்முனைப் பக்கம் மீன் தொட்டி விக்கிற கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க, அத விட வளக்கிற வீட்டுக்காரரிட்ட கேக்கிறது நல்லம், குட்டி கூடிப்போய் யாருக்குக் குடுக்கிறண்டு தெரியாம நிக்கிற ஆக்கள் இரிக்காங்க. பேர்ல பன்றி இரிக்கு எண்டு சில வீட்ட யோசிப்பாங்க, அது எலிட சொந்தக்காரன்தான், பன்றியோட ஒரு தொடுப்பும் இல்ல.

வாங்கின உடன கூட்டுக்குள்ள விடாதீங்க. 2, 3 கிழமை வேற அறையில வைங்க, மூக்கு ஒழுகுதா, சொறியுதா, முடி கொட்டுதாண்டு பாருங்க, அதத் தொட்டா கை கழுவிட்டுத்தான் மத்ததத் தொடணும். நான் ஒரு கடையில பெட்டைக்குட்டி எண்டு வாங்கினது இந்த நாளுக்குள்ளதான் கடுவன் எண்டு பிடிபட்டிச்சு. உடன விட்டிருந்தா இப்ப வீட்ட கினிபிக் பண்ணைதான்.

மறுகா சந்திக்க விடுறது. நம்மட ஊர் வழக்கத்துக்கு மாப்பிள பொம்புளட வீட்டுக்குத்தான் போவார், ஆனா இதுகளுக்கு அது சரிவராது, பழைய ஆள்ட கூட்டுக்குள்ள புதுசு போனா என்ட வீடு எண்டு கடிக்கும். ரெண்டுக்கும் பழக்கமில்லாத இடம் வேணும், நான் பின்னேரம் வெயில் தாழ விறாந்தையில பழைய பெட்சீட் விரிச்சு, நடுவுல ஒரு குவியல் கினிப்புல்லு போட்டன். ஒரு வாசல் மட்டும் உள்ள பெட்டி வைக்கப்படாது, உள்ள மாட்டிக்கும். டுர்ர்ர் எண்டு இடுப்ப ஆட்டி நடக்கும், துரத்தும், மேல ஏறும், பாக்கிற நமக்கு நெஞ்சு பதறும், ஆனா அது யார் பெரியாள் எண்டு முடிவெடுக்கிற வேலை, பிரிச்சா திரும்ப முதல்ல இருந்து தொடங்கும். பல்லக் கடகடண்டு அடிச்சிட்டு ரெண்டும் முடி சிலிர்த்து நேருக்கு நேர் நிண்டா மட்டும் ஆயத்தமா இரிங்க, பாய்ஞ்சு உருண்டு ரத்தம் வந்தா டவல் போட்டுப் பிரிங்க, வெறுங்கை வெச்சா உங்கட விரல்தான் போகும்.

ரெண்டு மூணு மணித்தியாலம் அமைதியா புல்லுத் திண்டா, பழைய கூட்ட வினாகிரி போட்டுக் கழுவி, சாமான் எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சு ரெண்டையும் ஒண்டா விடுங்க. தண்ணிப் போத்தல் ரெண்டு, கோப்பை ரெண்டு, ஒளியிற இடம் ரெண்டு. கூடு குறைஞ்சது நாலடிக்கு ரெண்டடியாச்சும் வேணும், பெரிசெண்டா இன்னும் நல்லம். கொய்யாத்துண்டு கொஞ்சம் குடுங்க, விட்டமின் சி அதுகளுக்குத் தானா உடம்புல ஊறாது. பகல்ல தண்ணிய ஐஸாக்கின போத்தல் ஒண்ட துணி சுத்தி வைங்க, சுண்டல்ட முதல் சோடி போன மாதிரி இன்னொண்டு போகப்படாது.

ஒத்தே வராட்டி நடுவுல கம்பிவலை அடிச்சுப் பக்கத்துல பக்கத்துல வைங்க, பாத்துக்கொண்டு கதைச்சுக்கொண்டாவது இரிக்கும்.

அந்தக் கடுவன் குட்டி இப்ப களுவாஞ்சிக்குடியில, தனிய இரிந்த ஒரு கிழட்டுக் கடுவனோட நிக்கிது. அந்த வீட்டுக்காரர்ட சொந்தக்காரரிட்ட இருந்துதான் சுண்டலுக்கு உண்மையான பெட்டை ஒண்டு கிடைச்சிச்சு, பிரிட்ஜ் துறந்தா இப்ப ரெண்டு வீக் கேக்கிது.