டொம்க்ராஃ இருக்கா? டயர் மாற்றப் பழகுவோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில், ஜொஹானஸ்பர்க் போகும் என்3 சாலையில், ஹாரிஸ்மித் தாண்டி டயர் பஞ்சராகி நின்றேன். ஒரு பக்கி வந்து நின்றது (சிரிக்காதீர்கள், இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்). இறங்கிய பெரியவர் என் காரைப் பார்த்துவிட்டு "டொம்க்ராஃ?" என்றார். 'டொம்' என்றால் முட்டாள் என்கிற அளவுக்குத்தான் எனக்கு ஆப்பிரிக்கான்ஸ் தெரியும், அதனால் திட்டுகிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஜாக்கி.

'டொம்' முட்டாள், 'க்ராஃ' பலம். டச்சு மொழியிலிருந்து வந்த சொல். கடைசியில் வரும் ஒலிக்கு நம் ஆய்தம்தான் கிட்டத்தட்டப் பொருந்தும், எஃகு என்று சொல்லிப் பாருங்கள். முட்டாள் பலம் என்பது எவ்வளவு சரியான பெயர் என்று ஜாக்கியைத் திருகும்போது புரியும். உள்ளே இருப்பது ஒரு நீளமான திருகாணி, கைப்பிடியைப் பல சுற்று சுற்றினால் கொஞ்சம்தான் உயரும், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒல்லிக் கைகூட ஒரு டன் காரின் ஒரு மூலையைத் தூக்கிவிடும். தான் எங்கே நிற்கிறோம், தரை இளகலா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது நம் வேலை.

முதலில் இடம். இருட்டான, ஆள் இல்லாத இடமென்றால் நிற்காதீர்கள், ரிம் போனால் போகட்டும், மெதுவாக உருட்டிக்கொண்டே பெட்ரோல் பங்க் வரை போய்விடுங்கள். இங்கே பெட்ரோல் போட ஆள் இருப்பார், கைகொடுப்பார், டிப்ஸ் கொடுத்தால் போதும். சாலையோரம்தான் என்றால் ஹஸார்ட் விளக்கு, ஹேண்ட்பிரேக், முதல் கியர் (ஆட்டோமேட்டிக் என்றால் பி), குறைந்தது 45 மீட்டர் பின்னால் எச்சரிக்கை முக்கோணம். மூலைக்கு மூலையாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுங்கள்.

அப்புறம் எல்லோரும் தவறு செய்யும் இடம். காரைத் தூக்கும் முன்பே நட்டுகளை இளக்க வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை அழுத்தினால் சக்கரம் சும்மா சுற்றும், இல்லையென்றால் கார் ஜாக்கியிலிருந்து சரியும். வீல் ஸ்பேனரின் பிடி இடப்பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும்படி மாட்டி, கையால் முடியவில்லை என்றால் காலால் மிதியுங்கள். கால் சுற்று இளகினால் போதும், கழற்றிவிடாதீர்கள். ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது சக்கரத் திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு, அதற்கான சாவியைப் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டியிலோ ஸ்டெப்னிக்குப் பக்கத்திலோ வைத்திருப்பார்கள்.

இப்போது ஜாக்கி. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், சக்கரத்துக்குப் பக்கத்தில், இரண்டு சின்ன வெட்டுகள் தெரியும், விரலால் தடவினாலே தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். பிளாஸ்டிக் மூடியில் வைத்தால் நொறுங்கும். ஈரமான புல்தரை என்றால் அடியில் ஒரு பலகை, இல்லையென்றால் ஜாக்கி மண்ணுக்குள் போகும், கார் அப்படியே இருக்கும். டயர் தரையை விட்டு எழும்பியதும் நிறுத்துங்கள். காருக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது.

மற்றதெல்லாம் சுலபம். நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, கையால் திருகி, காரை இறக்கி, பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்குங்கள், வரிசையாக வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டெப்னி ஒல்லி வகை என்றால் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள்.

ஜாக்கியை மறக்காமல் டிக்கியில் வையுங்கள். நான் அன்று புல்லிலேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் உதிரிபாகக் கடையில் போய், கற்றுக்கொண்ட பெருமையில் "டொம்க்ராஃ" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த சாட்ஸ்வொர்த் (டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் பகுதி) தமிழர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜாக்கா தம்பி?" என்றார்.